எலிக்கு வைத்த பாண்

சிவமயம்
ஜெஞ்சாரோம்
7 மார்ச் 1926

அன்புள்ள தம்பி யோகநாதனுக்கு,

நீ வந்து போனதிலிருந்து இந்தத் தென்னந்தோட்டத்தில் உன் பேச்சுத்தான். கொப்பரை ஸ்டோர் வாசலில் பெட்டியின் மேல் ஏறி நின்று, தோட்டத்துத் துரையும் லயத்துக் கூலிச் சனமும் பார்த்திருக்க, மனிதருக்குத் தீங்கில்லை என்று காட்ட எலிக்கு வைக்கிற பாணை நீ மென்று விழுங்கினாயே, அதைப் பிள்ளைகள் இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள். ஒருவன் பெட்டியில் ஏறித் தின்கிறான். மற்றவன் எலியாக விழுந்து சாகிறான். எலியாக இருக்கத்தான் எல்லோரும் அடிபடுகிறார்கள்.

கங்காணி ரெங்கசாமி உன் அத்தானிடம் கேட்டானாம்: "டிரசர் ஐயா, ஒங்க மச்சான் தின்ன வேகத்தப் பாத்தா வீட்ல அம்மா சோறு போடலியோ?" அத்தானும் சிரித்துவிட்டு வந்து என்னிடம் சொல்கிறார். தோட்ட ஆஸ்பத்திரி டிரசர் என்றால் ஒரு கங்காணிக்கு இவ்வளவு இளக்காரமா!

நான் ஒன்று கவனித்தேன். எலிக்கான பாண் எல்லாம் பெரிய தகரத்தில் இருந்தது. உன் துண்டை மட்டும் நீலத்துணி சுற்றிய சின்னத் தகரத்திலிருந்து எடுத்தாய். எங்கள் வீட்டுப் பிள்ளை எலியோடு ஒரே பந்தியில் இருக்கமாட்டான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். சின்ன வயதில் பாணின் கரையைத் தொடவும் மாட்டாய். அன்று கரையும் மிச்சமில்லை.

இந்தச் சனம் பாணை ரொட்டி என்கிறது. அவர்களுக்கு அது சாப்பாடு இல்லை, மருந்து. ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரருக்குப் பாணும் பாலும் கொடுப்பதைப் பார்த்த பழக்கம். பிள்ளைக்கு உடம்பு சுட்டால் என் பின்வாசலில் வந்து, "டிரசரம்மா, ஒரு துண்டு ரொட்டி" என்று நிற்பார்கள். கிள்ளானிலிருந்து கிழமைக்கு ஒருமுறை வருகிற பாண். கரையை வெட்டிக் கொடுத்து அனுப்புவேன். எங்கள் முற்றம் கூட்டுகிற பவுனம்மாள்தான் அடிக்கடி வருவாள். புருஷன் தென்னையிலிருந்து விழுந்து செத்தவள். மாரியாயி என்று ஆறு வயதில் ஒரே பெண்பிள்ளை. அந்தப் பிள்ளை உன்னைப் பார்த்துவிட்டு, "அந்த ஐயாவுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டதாம்.

கல்யாணப் பேச்சுக்கு நீ பதில் சொல்லவில்லை. மறக்காமல் எழுது.

அக்கா
கனகேஸ்வரி

*

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
15 மார்ச் 1926

அன்புள்ள அக்காவுக்கு,

கல்யாணம் இப்போது வேண்டாம். நான் இருக்கிற அறையில் கணக்கெழுதுகிற மூன்று ரயில்வே கிராணிகள் குறட்டை விடுகிறார்கள். நாலாவது ஆளுக்கே இடமில்லை, ஐந்தாவதாக ஒரு பெண் எங்கே வருவாள்?

என் வேலை என்னவென்று நீ கேட்டதில்லை. சொல்கிறேன், அருவருக்காதே. கம்பனியின் கிடங்குக்குப் பின்னால் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். அங்கே மாட்டிறைச்சியைக் காய்ச்சி வடித்த ரசத்தில் ஒரு துளி விதைக்கிருமி விடுவேன். இளஞ்சூட்டுப் பெட்டியில் ஓர் இரவு வைத்தால் ரசம் கலங்கிவிடும். கலங்கினால் விளைந்துவிட்டது என்று அர்த்தம். அதில் சீனி போட்டுப் பாணை ஊறவைத்து அனுப்புவோம். தின்ற எலிக்கு வயிற்றுநோய் வரும். அது வளைக்குப் போய் மற்ற எலிகளுக்கும் கொடுத்துவிட்டுச் சாகும். நஞ்சு ஓர் எலியைக் கொல்லும். கிருமி ஒரு வளையையே காலி செய்யும்.

கிருமி என்றால் எல்லோரும் பயப்படுகிறார்கள். உன் தோசைமாவைப் புளிக்கவைப்பது யார்? கள்ளுக்கடையில் பானையை நுரைக்கவைப்பது யார்? அத்தான் குத்துகிற அம்மைப்பாலில் இருப்பது என்ன? எல்லாம் கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் உழைப்பு. குடியிருக்க லயம் கேட்பதில்லை, அரிசி கேட்பதில்லை, கங்காணி வேண்டாம். துரைமாருக்கு இதைவிட நல்ல கூலி எங்கே கிடைக்கும்? நாங்கள் எல்லோரும் அந்தக் கிருமியாக இல்லையே என்றுதான் அவர்களுக்குக் கவலை.

கோலா லங்காட் தோட்டங்கள் எல்லாம் இதை வாங்கினால் ஆய்வுக்கூடம் என் பொறுப்பில் வரும். கம்பனித் துரை வாக்குக் கொடுத்திருக்கிறார். இந்த ஊரில் எங்கள் ஆள் ஒருவன் பேரேட்டுக்கு முன்னால் இல்லாமல் கண்ணாடிக் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியாது.

நான் பாண் தின்றதை ஊரெல்லாம் சொல்லித் திரியாதே. அது வேலையில் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

தம்பி
யோகநாதன்

*

ஜெஞ்சாரோம்
29 மார்ச் 1926

தம்பி,

பவுனம்மாளின் பிள்ளை மாரியாயி நேற்று இறந்துவிட்டது. முதலில் வெறும் காய்ச்சல்தான். பிறகு வாந்தியும் பேதியும் கண்டு நிற்கவேயில்லை. அத்தான் இரண்டு இரவு கண் மூடாமல் பார்த்தார்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாய் ஸ்டோரிலிருந்து எலிக்கு வைத்த பாணில் ஒரு துண்டை எடுத்துப் பாலில் நனைத்துக் கொடுத்திருக்கிறாள். அவளே சொல்கிறாள், ஒளிக்கவில்லை.

உங்கள் பாணால் மனிதருக்குக் கெடுதி உண்டா? ஒரு சொல்லில் எழுது.

அக்கா

*

பிரிக்பீல்ட்ஸ்
1 ஏப்ரல் 1926

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வருத்தமான செய்தி.

எங்கள் தயாரிப்பு எலி இனத்தை மட்டுமே பாதிக்கும். மனிதருக்கும் கால்நடைகளுக்கும் தீங்கற்றது என்று ஐரோப்பாவில் பல வருடம் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஸ்டோர் வாசலில் தமிழிலும் அறிவிப்பு ஒட்டியிருக்கிறோம். லயத்துக் கிணறு எப்படியிருக்கிறது என்று உனக்குத் தெரியும். அந்தச் சனம் குடிக்கிற தண்ணீரில் என்னதான் இல்லை? காய்ச்சல் முன்னமே இருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

இதைப் பற்றி இனிக் கடிதத்தில் எழுதாமல் இருப்பது நல்லது. கம்பனி முகவரிக்கு ஒருபோதும் எழுதாதே.

யோகநாதன்

*

ஜெஞ்சாரோம்
5 ஏப்ரல் 1926

யோகநாதனுக்கு,

நான் கேட்டது ஒரு சொல். நீ அனுப்பியது கம்பனியின் விளம்பரத்தாள்.

"அந்தச் சனம்" என்று எழுதியிருக்கிறாய். நானும் போன மாதம் அப்படித்தான் எழுதினேன். உன் கையெழுத்தில் பார்க்கும்போதுதான் அந்தச் சொல் நாறுகிறது.

இங்கே நடப்பதைக் கேள். பாணால் தீங்கில்லை, பிள்ளை தானாகத்தான் செத்தது என்று தோட்டத்துத் துரை சொல்கிறார். ஆனால் பாணைத் திருடிப் பிள்ளைக்குக் கொடுத்த தாய்தான் குற்றவாளி என்றும் அவரே சொல்கிறார். தீங்கில்லாத பாணைக் கொடுத்ததில் என்ன குற்றம்? தீங்குள்ளது என்றால் அதை ஏன் ஸ்டோர் தரையில் பரப்பினார்கள்? இதை அத்தானிடம் கேட்டேன். "உனக்கென்ன விசரே? வாயை மூடிக்கொண்டிரு, வேலை போயிடும்" என்றார். மரண அத்தாட்சிப் பத்திரத்தில் வயிற்றுக்கடுப்பு என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

பொலிஸ்காரன் பவுனம்மாளைக் கூட்டிப்போனான். அவன் கேட்கிறான், "எலிக்கு வெச்சதுன்னு தெரியுந்தானே?" அவள் சொல்கிறாள், "தெரியுங்க. ஆனா டிரசரம்மா தம்பி, அந்தச் சின்னய்யா, அதத்தான் தின்னாரு. பெட்டி மேல ஏறி நின்னு தின்னாரு. படிச்சவரு தின்னதுதானே, புள்ளைக்கு ஆவாதா?"

கிள்ளான் கோர்ட்டில் மரண விசாரணை வைத்திருக்கிறார்கள். உன்னையும் கூப்பிடுவார்களாம். நீ தின்றதும் அதே எலிப் பாண்தான் என்று ஆனால், பாணில் குற்றமில்லை, பிள்ளை செத்ததற்குத் தாயின் திருட்டும் கவனக்குறைவும்தான் காரணம் என்று முடித்து, அவளைப் பிறந்த ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றி விடுவார்கள். அவளுக்கு அங்கே யாருமில்லை. இங்கே பிள்ளையைப் புதைத்த இடமாவது இருக்கிறது.

நீலத்துணி சுற்றிய தகரத்தில் என்ன இருந்தது?

கனகேஸ்வரி

*

பிரிக்பீல்ட்ஸ்
9 ஏப்ரல் 1926

அக்கா,

வெறும் பாண். பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் அன்று காலை வாங்கியது.

எங்கள் கம்பனித் துரைதான் யோசனை சொன்னார். இவர்களுக்கு வாயால் சொன்னால் ஏறாது, தின்று காட்டு என்றார். அவரே சின்னத் தகரத்தை என் கையில் கொடுத்து, "உனக்கு இது" என்றார். தீங்கில்லாத சாமான் என்றால் எனக்கு ஏன் வேறு பாண் என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் இல்லை. எனக்குத் தெரியும்.

ஆய்வுக்கூடத்தில் குழாய் கழுவுகிறவர் பக்கிரிசாமி. ஜனவரியில் அவருக்குக் கடுமையான வாந்தியும் பேதியும் வந்து உடம்பு பாதியாகிவிட்டது. திரும்பி வந்தவர் சிரித்துக்கொண்டு, "நான் குழாயக் கழுவினேன் ஐயா, அது என் கொடலக் கழுவிடுச்சி" என்றார். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். அவருக்கு ஒரு சோப்பு வாங்கிக் கொடுக்கத் தோன்றவில்லை.

இதைத்தான் உனக்கு முதல் கடிதத்திலேயே பெருமையாக எழுதினேன், கூலி கேட்காத கூலி என்று. கிருமி யாருக்கும் கூலி இல்லை. அதற்குத் துரையும் தெரியாது, எலியும் தெரியாது, மாரியாயியும் தெரியாது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தது நான் ஒருவன்தான்.

கோர்ட்டில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. துரை நேற்றுக் கூப்பிட்டார். மிரட்டவில்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். இத்தனை காலத்தில் இதுதான் முதல் தடவை. அந்த நாற்காலியில் உட்கார்ந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஆனால் உட்கார்ந்தேன்.

நீயும் என்மேல் மட்டும் பாயாதே. காய்ச்சலுக்குப் பாண்தான் மருந்து என்று அவர்களைப் பழக்கியது நானா? உன் பின்வாசல் இருக்கும்போது அவள் ஏன் ஸ்டோருக்குப் போனாள்?

யோகநாதன்

*

ஜெஞ்சாரோம்
24 ஏப்ரல் 1926

யோகநாதா,

கிள்ளான் கோர்ட்டில் கடைசி வாங்கில் நான் உட்கார்ந்திருந்தேன். நீ பார்க்கவில்லை, அல்லது பார்க்காதது போல் இருந்தாய். அத்தானுக்குத் தெரியாமல் கொப்பரை ஏற்றிப்போன லொறியில் வந்தேன்.

"தொழிலாளர் முன்னிலையில் நீர் பாண் சாப்பிட்டது உண்மையா?" என்று கேட்டார்கள். "பாண் சாப்பிட்டேன்" என்றாய். "உமக்கு ஏதும் கெடுதி வந்ததா?" "வரவில்லை." அவ்வளவுதான். ஒரு சொல்லும் பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தாலாவது உனக்கு வேர்த்திருக்கும்.

நீ படியேறி வரும்போது வராந்தாவில் பவுனம்மாள் எழுந்து உன்னைக் கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரனிடம், "சின்னய்யா வந்துட்டாரு, அவரு சொல்லிடுவாரு" என்றாள். உனக்கு அது கேட்டது. உன் கால் ஒரு படி தடுமாறியதை நான் பார்த்தேன்.

பிள்ளையின் சாவு நோயால் என்று தீர்ப்பு. தாயின் கவனக்குறைவு என்று ஒரு வரி. திருட்டுக்கு மறியல், சிறைதான். அது முடிந்ததும் போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல்.

உன் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். சொல்லாமல் இரண்டு கிழமை தள்ளிவிட்டேன்.

அவள் முதலில் என்னிடம்தான் வந்தாள். பின்வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை. பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிற அவசரத்தில் வாசற்படி தாண்டிக் குசினிக்குள் வந்துவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். அன்று வெள்ளிக்கிழமை, அடுப்பில் விரதச் சமையல். "எடியே, எங்கே காலை வைக்கிறாய்? வெளியிலே போ!" என்று கத்தினேன். "ரொட்டிம்மா... புள்ளைக்கு..." என்றாள். "பாணும் இல்லை, ஒன்றும் இல்லை, போ" என்றேன். புதுப் பாண் முழுசாக அலுமாரியில் இருந்தது. அவள் நின்ற இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். நான் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் ஸ்டோருக்குப் போயிருக்கிறாள்.

கோர்ட்டில் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் உன்னைப்போலத்தான் சொல்லியிருப்பேன்: "பாண் இல்லை என்றேன்." அதுவும் சொன்ன சொல்தானே.

நாங்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது நன்றாகத் தெரிகிறது. இனி நீ இங்கே வரவேண்டாம். நானும் உன்னிடம் வரமாட்டேன்.

கனகேஸ்வரி

*

கோலாலம்பூர் பொது ஆஸ்பத்திரி
9 மே 1926

அக்கா,

எழுதவேண்டாம் என்று நீ சொல்லவில்லை, வரவேண்டாம் என்றுதான் சொன்னாய். அதனால் எழுதுகிறேன். படுத்தபடி எழுதுவது. எழுத்தைப் பொறுத்துக்கொள்.

கோர்ட்டுக்குப் பிறகு ஒரு வாரம் வேலைக்குப் போனேன். போன திங்கட்கிழமை துரை ஆய்வுக்கூடத்துக்குள் வந்தார். கிள்ளான் பக்கம் இரண்டு தோட்டங்கள் புதிதாக வாங்குகின்றன, அங்கேயும் தின்று காட்டவேண்டும் என்றார். பக்கிரிசாமி தொட்டியில் குழாய் கழுவிக்கொண்டிருந்தார். நான் பெரிய தகரத்தைத் திறந்து ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தேன். துரை பாய்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டார். பாண் தரையில் விழுந்தது. "பைத்தியமா உனக்கு?" என்றார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

பக்கிரிசாமி குழாயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தீங்கில்லாத ரொட்டிதானே தொரை?"

அவர் அப்படிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. துரை விழுந்த பாணையே பார்த்தார். நான் குனிந்து அதை எடுத்துக் கரையோடு தின்று முடித்தேன்.

மறுநாளே பிடித்துக்கொண்டது. இங்கே சேர்த்த பிறகு எல்லாவற்றையும் சர்க்கார் டாக்டரிடம் சொன்னேன். அவர் என் மலத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்தார். ஸ்டோர் பாணையும் வரவழைத்தார். இரண்டும் ஒன்றே என்று கிள்ளான் மாஜிஸ்திரேட்டுக்கு எழுதிவிட்டார். பக்கிரிசாமியும் வந்து தன் நோயைப் பற்றிக் கைநாட்டு வைத்திருக்கிறார். எங்கள் இருவருக்கும் வேலை இல்லை. அவருக்கு நான்கு பிள்ளைகள் என்று எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

இதை வீரம் என்று யாரிடமும் சொல்லாதே. கூண்டில் நிற்கும்போது ஒரே ஒரு வரி போதும், "அது வேறு பாண்" என்று. அதைச் சொல்ல வாய் வராதவன் வயிற்றால் சொல்லியிருக்கிறேன். எனக்கு டாக்டர் இருக்கிறார், கட்டில் இருக்கிறது, பிழைத்துக்கொள்வேன்.

காலையில் பாணும் பாலும் கொண்டுவந்து வைத்தார்கள். பாலைக் குடித்தேன்.

பவுனம்மாளைப் போய்ப் பார். உண்மையை அவளிடம் சொல்லிவிடு. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. உனக்கும் முடியாது என்று தெரியும். ஆனால் நீ என்னைவிடத் தைரியசாலி.

யோகநாதன்

*

ஜெஞ்சாரோம்
16 மே 1926

தம்பி,

கிள்ளானுக்குப் போனேன்.

முதலில் உன் டாக்டர் எழுதிய கடிதத்தின் பலனைச் சொல்கிறேன். பாணை அள்ளி வாய்க்காலோரம் புதைத்துவிட்டார்கள். அறிவிப்பையும் கிழித்துவிட்டார்கள். கவனக்குறைவு என்ற வரியை எடுப்பதா என்று யோசிக்கிறார்களாம். ஆனால் திருட்டு திருட்டுத்தான், கப்பல் கப்பல்தான் என்று மாஜிஸ்திரேட் சொல்லிவிட்டார். கம்பனியின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. அத்தான் பத்திரத்தை மாற்றி எழுதவில்லை. அவரும் நானும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

பவுனம்மாள் மறியல் கூடத்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். "எழும்பாதே" என்றேன். கேட்கவில்லை, நின்றாள். அதனால் நானும் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீலத்துணித் தகரம். அலுமாரியில் இருந்த பாண். அவள் போனபிறகு நான் தண்ணீர் ஊற்றியது வரைக்கும் சொன்னேன்.

அவள் அழுவாள், என்னைத் திட்டுவாள், காறித் துப்புவாள் என்று நினைத்து வந்திருந்தேன். துப்பினால் துடைக்கக்கூடாது என்றும் நினைத்திருந்தேன்.

"தண்ணி ஊத்துனது தெரியும்மா. சத்தம் கேட்டுச்சி" என்றாள்.

பிறகு, "சின்னய்யா பொழச்சிட்டாரா?" என்று கேட்டாள்.

"பிழைச்சிட்டான்" என்றேன்.

"எம்புள்ள தின்ன அதே ரொட்டியத்தான் தின்னாரா?"

"அதேதான்."

"அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்கும்மா. எம்புள்ள அம்மா அம்மான்னு மட்டும் சொல்லிக்கிட்டு இருந்துச்சி. எங்க வலிக்குதுன்னு கேட்டேன், அதுக்குச் சொல்லத் தெரியல. நான் நெத்தியவே தடவிக்கிட்டு இருந்துட்டேன். வேற எங்கயோ வலிச்சிருக்கும்போல. சின்னய்யா படிச்சவரு. எங்க வலிக்கும்னு கேட்டுச் சொல்றீங்களா?"

எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கப்பல் வெள்ளிக்கிழமை. அதற்கு முன்னால் எழுது, தம்பி. எங்கே வலித்தது என்று எழுது. நான் கொண்டுபோய் வாசித்துக் காட்டுகிறேன்.

அக்கா